காஸ் ட்ரையர் வாங்கலாமா? ஒன்ராறியோ வீடுகளுக்கு ஒரு கணக்கு

போன ஜனவரியில், வெளியே மைனஸ் பதினெட்டு நின்ற ஒரு கிழமையில், எங்கள் ட்ரையர் சூடாவதை நிறுத்திவிட்டது. உருளை சுற்றுகிறது, உடுப்பு போட்ட ஈரத்தோடு அப்படியே கிடக்கிறது. ஆறு பேர் இருக்கிற வீடு. பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்பு, இவருடைய வேலை உடுப்பு, அம்மாவின் பருத்திச் சேலைகள், கட்டில் விரிப்புகள் என்று கிழமைக்கு ஆறு தடவையாவது மெஷின் ஓடும். படிக்கட்டுக் கைப்பிடியிலும் கதிரை முதுகிலும் கதவு மேலேயும் உடுப்புத் தொங்கத் தொடங்கிய மூன்றாம் நாள், கடைக்கு வெளிக்கிட்டோம்.

“காஸ் எடுங்கோ அக்கா, பில் பாதியாகும்” என்றார் கடையில் நின்ற தம்பி. மச்சாளும் அதையே சொன்னா. மார்க்கம் நகரத்தில் அவவின் வீட்டில் காஸ் ட்ரையர்தான். எட்டு வருடமாக ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. நாங்களும் ஓமென்று சொல்ல இருந்த நேரத்தில் அந்தத் தம்பி ஒரு கேள்வி கேட்டார்: “உங்கட ட்ரையருக்குப் பின்னால காஸ் பைப் வந்திருக்கோ?” இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பதினொரு வருடம் அந்த வீட்டில் இருந்தும் ட்ரையரை ஒருநாளும் முன்னால் இழுத்துப் பார்த்ததில்லை. வாங்காமல் வீட்டுக்குத் திரும்பினோம். அது நல்லதாய்ப் போயிற்று.

அதன்பிறகு பார்த்ததையும் விசாரித்ததையும் கணக்குப் போட்டதையும் எழுதுகிறேன். ஒவ்வொரு குளிர்காலமும் நாலைந்து பேராவது என்னிடம் இதைக் கேட்கிறார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ட்ரையர் வைக்கிற இடத்தில் காஸ் குழாய் ஏற்கெனவே வந்து நிற்கிற வீட்டுக்குக் காஸ் ட்ரையர் நல்ல பொருள். குழாயைப் புதிதாக இழுக்கவேண்டிய வீட்டுக்கு, பெரும்பாலும் அந்தக் காசு திரும்பி வராது. ஏன் என்பதுதான் மிச்சம்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதலாவது, சுவர். ட்ரையருக்குப் பின்னால் நாலு துவாரம் கொண்ட பெரிய 240 வோல்ற் பிளக் இருக்கிறதா, காஸ் குழாயும் அதை மூடுகிற வால்வும் இருக்கிறதா, காற்று வெளியே போகும் 4 அங்குலக் குழாய் எப்படிப் போகிறது, தண்ணீர் வடிய இடம் உண்டா. கடையில் இருக்கிற எந்த மெஷினையும்விட இந்த நாலு பதிலும் முக்கியம்.

இரண்டாவது, நீங்கள் எந்த நேரத்தில் தோய்க்கிறீர்கள். ஒன்ராறியோவில் ஹைட்ரோ, அதாவது கரண்ட், விலை நாளின் நேரத்துக்கு ஏற்ப மாறுவதால், “காஸ் மலிவா, கரண்ட் மலிவா” என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது.

மூன்றாவது, வீட்டு மின்பெட்டி எத்தனை அம்பியர், அதில் இன்னும் என்னென்ன ஏறப்போகிறது. நாலாவது, இந்த வீட்டில் எவ்வளவு காலம் இருப்பீர்கள், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸையும் தண்ணீர் ஹீற்றரையும் காஸிலேயே வைத்திருக்கப் போகிறீர்களா. பாதுகாப்பைத் தனி அளவுகோலாக எழுதவில்லை. அது எல்லாவற்றுக்கும் பொது, ஒவ்வொரு இடத்திலும் வரும்.

## ஒரு தடவை காயவைக்க என்ன செலவு

ஒரு லீற்றர் தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 0.63 யூனிற் வெப்பம் வேண்டும். தோய்த்து முடிந்த ஒரு நிறைந்த மெஷின் உடுப்பில் மூன்று லீற்றர் தண்ணீர் சாதாரணமாக நிற்கும். அதைவிட உருளையும் உடுப்பும் சூடாக வேண்டும், வெப்பத்தின் ஒரு பகுதி காற்றோடு வெளியே போகும். ஆகவே சாதாரண கரண்ட் ட்ரையருக்கு ஒரு தடவைக்கு 3 யூனிற் என்று வைத்துக்கொள்வது நியாயமான கணக்கு.

காஸ் ட்ரையர் குறைந்த சக்தியில் காயவைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அமெரிக்காவில் 2015 முதல் நடைமுறையில் இருக்கும் குறைந்தபட்ச அளவுகோலின்படி, பெரிய கரண்ட் ட்ரையர் ஒரு யூனிற் சக்திக்கு 3.73 இறாத்தல் உடுப்பைக் காயவைக்கவேண்டும். காஸ் ட்ரையருக்கு அது 3.30 இறாத்தல்தான். காஸ் சற்றுக் கூடுதலாகவே சக்தி எடுக்கிறது. காஸின் விலை குறைவு என்பதில்தான் மிச்சம் பிடிக்கிறது. ஒரு கன மீற்றர் இயற்கை வாயுவில் ஏறக்குறைய 10.5 யூனிற் வெப்பம் இருக்கிறது. ஒரு தடவை காயவைக்க 0.3 கன மீற்றரும், உருளையைச் சுற்றக் கால் யூனிற் கரண்டும் போதும். காஸ் ட்ரையருக்கும் கரண்ட் வேண்டும் என்பதைக் கவனியுங்கள். கரண்ட் போனால் அதுவும் நிற்கும்.

என் காஸ் பில்லில் மாதாந்த நிலையான கட்டணத்தைக் கழித்துவிட்டு, மிச்சத்தை எரித்த கன மீற்றரால் பிரித்துப் பார்த்தேன். வரியோடு 40 சதத்துக்குள் வந்தது. 2025 ஏப்ரல் 1 வரை இதில் கன மீற்றருக்கு 15.25 சதம் காபன் கட்டணமும் இருந்தது. இப்போது அது இல்லை. ஹைட்ரோவுக்கு 2025 நவம்பர் 1 முதல் வந்த விலைகளை எடுத்தேன். விநியோகம், வரி, ஒன்ராறியோத் தள்ளுபடி எல்லாம் கூடிக் குறைந்து, கிட்டத்தட்ட அதே இடத்துக்குத்தான் வருகிறது. அட்டவணையில் வரும் ஹீற் பம்ப், வெளியே காற்று விடாமல் பாதிச் சக்தியில் காயவைக்கும் கரண்ட் ட்ரையர்; பின்னால் விளக்குகிறேன். நள்ளிரவுத் திட்டம் என்பது இரவு 11 மணியிலிருந்து காலை 7 மணிவரை கரண்ட் மிக மலிவாகிற, நாங்களே கேட்டு எடுக்கிற தனி விலைத் திட்டம்.

| ஒரு தடவைக்கு (சதம்) | சாதாரண கரண்ட் | காஸ் | ஹீற் பம்ப் |
|---|---|---|---|
| மலிவு நேரம் (யூனிற் 9.8 சதம்) | 29 | 15 | 15 |
| நடு நேரம் (15.7 சதம்) | 47 | 16 | 24 |
| உச்ச நேரம் (20.3 சதம்) | 61 | 17 | 30 |
| நள்ளிரவுத் திட்டம் (3.9 சதம்) | 12 | 13 | 6 |

இந்த அட்டவணையை மெதுவாகப் பாருங்கள். கடைத் தம்பி சொன்ன “பாதி” பொய்யில்லை. ஆனால் எங்கள் வீட்டில் உடுப்புத் தோய்ப்பது சனி, ஞாயிறு. அந்த இரண்டு நாளும் முழுநாளும் மலிவு நேரம். வேலைநாட்களில் இரவு 7 மணியிலிருந்து காலை 7 மணிவரையும் அப்படியே. எங்களுக்குக் காஸில் மிஞ்சுவது ஒரு தடவைக்கு 14 சதம். வருடத்துக்கு 312 தடவை என்றால் 44 டொலர்.

பகலில் தோய்க்கிற வீட்டின் கதை வேறு. அம்மம்மா பகல் முழுக்கப் பேரப்பிள்ளையோடு நிற்கிற வீடு, வீட்டிலேயே பிள்ளை பராமரிப்பு நடத்துகிற வீடு, இரவுவேலை முடித்துக் காலையில் வந்து தோய்க்கிற வீடு. இங்கெல்லாம் அதே 312 தடவைக்கு ஏறக்குறைய 97 முதல் 137 டொலர்வரை மிஞ்சும்.

## காஸ் ட்ரையர்

இதன் பலம் வேகம். உள்ளே இருக்கும் பர்னர் மணிக்கு 20,000 முதல் 22,000 பி.ரி.யு. வெப்பம் தரும், கரண்ட்டில் சொன்னால் 6 கிலோவாற்றுக்குக் கிட்ட. சாதாரண கரண்ட் ட்ரையரின் சூடாக்கி 5, 5.5 கிலோவாற்தான். மச்சாள் வீட்டில் தடித்த துவாய்களும் ஜீன்ஸும் நாற்பது நிமிடத்தில் வெளியே வருவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கல்யாணவீட்டுக்கு வந்தவர்கள் தங்கிப் போன பிறகு பத்துப் போர்வை தோய்க்கிற நாளில் அந்த வேகம் பெரிய உதவி.

இன்னொரு பலத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காஸ் ட்ரையருக்குச் சாதாரண 120 வோல்ற் பிளக் போதும். ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் உள்ள பழைய பங்களாக்களில் மின்பெட்டி 100 அம்பியர்தான் இருக்கும். மேலே ஓர் அடுப்பு, பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இன்னோர் அடுப்பு, ஏசி, இனி மின்சாரக் கார் சார்ஜரும் வந்தால் அந்தப் பெட்டி தாங்காது. ட்ரையருக்கு ஒதுக்கிய 30 அம்பியர் மிஞ்சினால் மின்பெட்டியை மாற்றுகிற பல ஆயிரம் டொலர் செலவைத் தள்ளிப்போடலாம். இந்த நிலையில் இருக்கும் வீட்டுக்கு, குழாய் புதிதாக இழுத்தாலும் காஸ் சரியாக வரலாம். சதக்கணக்கை ஒருபக்கம் வைத்துவிட்டு இதைத்தான் பார்க்கவேண்டும்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். அதே மொடலின் காஸ் வகை பொதுவாக 100 டொலரோ அதற்குச் சற்று மேலோ கூட. அது சின்ன விஷயம். எங்கள் வீட்டில் காஸ் வருவது முன்பக்கம், ஃபர்னஸுக்கு. ட்ரையர் பேஸ்மென்ற்றின் பின்மூலையில். பார்க்க வந்த காஸ் ரெக்னீஷியன் அண்ணை கூரைப் பலகைகளை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இரண்டு தரம் நடந்தார். நடுவில் நாங்கள் கட்டி முடித்த அறை இருக்கிறது, அதன் கூரையைத் திறக்கவேண்டும். குழாய்க்கு மட்டும் 700 டொலர், கூரையைத் திருப்பி அடைப்பது எங்கள் பொறுப்பு என்றார். வருடத்துக்கு 44 டொலர் மிஞ்ச, 700 டொலரும் கூரைச் செலவும். பதினாறு வருடம் கழித்துத்தான் முதல் திரும்பும். அதற்குள் ட்ரையர் செத்துவிடும்.

ஒன்ராறியோவில் காஸ் வேலையை, ரி.எஸ்.எஸ்.ஏ. என்ற மாகாணத் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பில் பதிந்த நிறுவனத்தின் சான்றிதழ் பெற்ற ரெக்னீஷியன்தான் செய்யவேண்டும். “எங்கட மாமாவுக்குத் தெரியும், அவர் பூட்டித் தருவார்” என்பதற்கு இதில் இடமே கொடுக்காதீர்கள். வீடு மாறும்போது, ட்ரையரை மாற்றும்போது, பழைய வளையும் இணைப்புக் குழாயைத் திருப்பிப் பூட்டவும் விடாதீர்கள். அதைப் புதிதாகப் போடவேண்டும்.

எரிந்த வாயு உடுப்பின் ஊடாகத்தான் வெளியே போகிறது. அதில் காபன் மொனொக்சைட் இருக்கலாம். குழாய் கழன்றோ அடைத்தோ போனால் அது வீட்டுக்குள் நிற்கும். குளிர்காலத்தில் சூட்டை உள்ளே விட என்று குழாயைக் கழற்றித் தண்ணீர்ப் பெட்டியில் விடுகிற பழக்கம் சில வீடுகளில் உண்டு. கரண்ட் ட்ரையரிலேயே அது நல்லதல்ல, பூஞ்சணம் பிடிக்கும். காஸ் ட்ரையரில் அது உயிராபத்து. ஒன்ராறியோவில் 2026 ஜனவரி 1 முதல், காஸ் எரியும் வீடுகளில் ஒவ்வொரு மாடியிலும் காபன் மொனொக்சைட் அலாரம் கட்டாயம். சட்டத்துக்காக இல்லாவிட்டாலும் பேஸ்மென்ற்றில் படுக்கிறவர்களுக்காக வையுங்கள்.

கடைசியாக ஒன்று. ஃபர்னஸை, வீட்டைக் கரண்டில் சூடாக்கும் ஹீற் பம்ப்புக்கு மாற்றி, ஒருநாள் காஸை முழுதாக நிறுத்தும் எண்ணம் இருந்தால், ட்ரையர் ஒன்றுக்காக மட்டும் மாதம் 20 டொலருக்கு மேல் நிலையான கட்டணம் கட்டவேண்டி வரும். மிச்சம் பிடித்த காசு முழுவதையும் அது தின்றுவிடும்.

## சாதாரண கரண்ட் ட்ரையர்

இதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை, அதுவே இதன் சிறப்பு. விலை குறைவு. பிளக் இருந்தால் பூட்டி விட்டுவிடலாம். பழுதானால் பெரும்பாலும் சூடாக்கிச் சுருளோ வெப்ப ஃபியூஸோதான். திருத்தத் தெரிந்தவர்கள் எங்கும் இருக்கிறார்கள். காஸ் ட்ரையரில் வால்வைத் திறக்கும் சுருள்கள் தளர்ந்தால், முதல் பத்து நிமிடம் சூடாகி, பிறகு குளிர்ந்துபோகும். அதைத் திருத்த காஸ் தெரிந்தவரே வரவேண்டும்.

மலிவு நேரத்தில் தோய்க்கிற, பிளக் ஏற்கெனவே உள்ள வீட்டுக்கு இதுதான் என் முதல் தெரிவு. நாங்களும் கடைசியில் இதையே வாங்கினோம்.

ஆனால் வாங்கமுதல் பழைய ட்ரையரை முன்னால் இழுத்தபோது கண்டதைச் சொல்லவேண்டும். பின்னால் வெள்ளிநிறத் தாள்போன்ற வளைகுழாய், சுவரோடு நசிந்து, இரண்டு விரல் அகலத்துக்குத் தட்டையாகிக் கிடந்தது. கழற்றிக் கவிழ்த்ததும் சாம்பல்நிறப் பஞ்சு இலவம்பஞ்சு மாதிரிப் பொதிபொதியாக விழுந்தது. ஒரு கடைப் பை நிறைந்தது. வெளிச்சுவரில் உள்ள மூடி திறக்கவே இடமில்லாமல் பஞ்சால் ஒட்டியிருந்தது. சூடான காற்று போக வழியில்லாமல் எங்கள் ட்ரையர் வருடக்கணக்காக ஒவ்வொரு தடவையும் ஒன்றரை மணித்தியாலம் ஓடியிருக்கிறது. வெப்ப ஃபியூஸ் எரிந்ததும் அதனால்தான். கடினமான தகரக் குழாய் போட்டு, வளைவை ஒன்றாகக் குறைத்த பிறகு, புது மெஷின் ஐம்பது நிமிடத்தில் முடிக்கிறது. ஒவ்வொரு 90 பாகை வளைவும் ஐந்து அடி நீளம் கூடின மாதிரி. மெஷின் வகையை மாற்றி மிச்சம் பிடிக்க நினைத்ததைவிட, அந்த நாற்பது டொலர்க் குழாய் எங்களுக்குக் கூடத் தந்தது. அதைவிட, பிள்ளைகள் மேலே படுத்திருக்க அந்தப் பஞ்சுப் பொதி இத்தனை வருடம் சூட்டுக்குப் பக்கத்தில் கிடந்ததை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

## ஹீற் பம்ப் ட்ரையர்

இது வெளியே காற்று விடுவதில்லை. உள்ளிருக்கும் ஈரக்காற்றைக் குளிரவைத்து நீரைப் பிரித்து, அதே காற்றைத் திருப்பிச் சூடாக்குகிறது. ஆகவே சக்தி பாதிதான். மலிவு நேரத்தில் காஸுக்குச் சமன், நள்ளிரவுத் திட்டத்தில் காஸைவிட மலிவு. ஒன்ராறியோவின் கரண்ட் பெரும்பாலும் அணு, நீர் நிலையங்களிலிருந்து வருவதால், காற்றுக்குக் கேடு குறைந்ததும் இதுவே.

ஒரு மறைந்த இலாபமும் உண்டு. காற்று விடும் ட்ரையர் எதுவானாலும், பொதுவாக நிமிடத்துக்கு 100 முதல் 200 கன அடி வீட்டுக் காற்றை வெளியே தள்ளும். அந்த அளவு மைனஸ் பதினைந்துக் காற்று கதவு, ஜன்னல் இடுக்கால் உள்ளே வரும்; ஃபர்னஸ் அதைச் சூடாக்கவேண்டும். நன்றாக அடைத்துக் கட்டிய பேஸ்மென்ற்றில், பழைய தண்ணீர் ஹீற்றரின் புகையைக்கூட இது உள்ளே இழுக்கக்கூடும். ஹீற் பம்ப்பில் இந்தக் கதையே இல்லை.

குறைகள்: விலை சாதாரண மெஷினைவிடப் பல நூறு டொலர் கூட. நேரம் அதிகம், நிறைந்த மெஷினுக்கு இரண்டு மணித்தியாலம் ஆகலாம், குளிரான பேஸ்மென்ற்றில் இன்னும் கூட. பல மொடல்கள் 24 அங்குல அகலச் சின்ன மெஷின்கள், பெரிய போர்வை கொள்ளாது. உள்வடிகட்டியை ஒழுங்காகத் துப்புரவாக்கவேண்டும். வார இறுதியில் ஆறு தடவை தோய்க்கிற எங்களுக்கு இது சரிவராது. காற்றுக்குழாய் போட வழியில்லாத கொன்டோ அடுக்குமாடி வீட்டுக்கும், இரண்டு மூன்று பேர் உள்ள வீட்டுக்கும், குழாய் மிக நீளமாகப் போகிற வீட்டுக்கும் இதைத்தான் சொல்வேன்.

நள்ளிரவுத் திட்டத்தை எடுப்பவர்கள் இரண்டைக் கவனியுங்கள். அந்தத் திட்டத்தில் வேலைநாள் மாலை 4 மணியிலிருந்து 9 மணிவரை யூனிற் 39 சதம். சமைக்கிற நேரமே அதுதான். மற்றது, எல்லாரும் நித்திரையில் இருக்கும்போது ட்ரையரை ஓடவிடவேண்டாம் என்பது தீயணைப்புத் துறைகளின் பொதுவான அறிவுரை. விடிய ஐந்து மணிக்கு எழும்புகிறவர்களுக்கு மட்டுமே இது தோது.

## கொடியும் மரச்சட்டமும்

புதுக் குடியிருப்புகளில் கொடி கட்டக்கூடாது என்ற ஒப்பந்த விதிகளை ஒன்ராறியோ அரசு 2008 இல் செல்லாதாக்கிவிட்டது. பலருக்கு இது இன்றும் தெரியாது. அயலவர் முறைப்பாடு செய்வார் என்று பயப்படுகிறார்கள். மே முதல் செப்ரெம்பர்வரை பின்வளவில் ஒரு கொடி, அம்மாவின் சேலைகளையும் வேட்டிகளையும் முழுதாகப் பார்த்துக்கொள்ளும். குளிர்காலத்தில் ஃபர்னஸ் ஓடி வீட்டுக் காற்று வறண்டு போவதால், மடிக்கும் சட்டத்தில் இரவு போட்டது விடியக் காய்ந்திருக்கும், மூக்கு வறளுவதும் குறையும். ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் பிடிக்கத் தொடங்கினால் மட்டும் அளவைக் குறையுங்கள்.

## யாருக்கு எது

| உங்கள் வீடு | நான் சொல்வது |
|---|---|
| காஸ் குழாய் இடத்திலேயே உண்டு, பெரிய குடும்பம், பகலில் தோய்ப்பு | காஸ் |
| 100 அம்பியர்ப் பெட்டி நிறைந்துவிட்டது, கார் சார்ஜர் வரப்போகிறது | காஸ் அல்லது 120 வோல்ற் ஹீற் பம்ப் |
| 240 வோல்ற் பிளக் உண்டு, வார இறுதித் தோய்ப்பு | சாதாரண கரண்ட் |
| கொன்டோ, காற்றுக்குழாய் இல்லை | ஹீற் பம்ப் |
| இரண்டு மூன்று வருடத்தில் வீடு விற்க எண்ணம் | இருக்கிற இணைப்புக்கு ஏற்றது |
| குழாய்க் காஸ் இல்லாத ஊர், புரொப்பேன் மட்டும் | காஸ் வேண்டாம் |

## எதை வாங்கினாலும்

தோய்க்கிற மெஷினில் பிழியும் வேகத்தை உயர்த்துங்கள். நிமிடத்துக்கு 1,200 சுற்றுக்கு மேல் பிழிந்தால் ட்ரையருக்குப் போகிற தண்ணீர் கணிசமாகக் குறையும். தண்ணீரைப் பிழிந்தெடுக்கும் செலவு அதை ஆவியாக்கும் செலவில் ஒரு சிறு துளி.

எங்கள் வீடுகளுக்கென்றே ஒன்று. சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தால், தலை துடைத்த துவாயைத் தோய்த்திருந்தாலும் ட்ரையரில் போடாதீர்கள். தாவர எண்ணெய் துணியில் முழுதாகப் போகாது. சூடான துணிகளைக் குவியலாக வைத்தால், எண்ணெய் காற்றோடு சேர்ந்து தானாகவே வெப்பமேறித் தீப்பிடிக்கக்கூடும். ட்ரையர் கையேடுகளிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. காஸ், கரண்ட் வித்தியாசம் இதில் இல்லை. அம்மாவின் எண்ணெய்த் துவாய்களுக்கு இப்போது பேஸ்மென்ற்றில் தனியாக ஒரு சின்னக் கொடி கட்டியிருக்கிறோம்.